மலைப் பள்ளியும் தலைமையாசிரியரும்

1947-ல் தேசத்துக்கு வந்த சுயராஜ்யம் கல்வராயன் மலையேற 29 வருஷங்கள் பிடித்தன. ஜாகீர்தார்களின் ஆதிக்கம் நீங்கி அம்மலை சர்க்கார் வசமானது 1976-ல்தான். 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் அவ்விதமே தாமதித்து மலையேறலாகாது என்பது நமது கவலை.

சட்டத்தில் நாம் குறை காணோம். குறைபாடுள்ள குழந்தையைப் பேதமின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடம் அக்குழந்தை புழங்கத் தக்கதாயிருக்க வேண்டும், அதனதன் தேவைக்கேற்ற உதவி அளிக்க வேண்டும் என 16-வது பிரிவு விதிக்கிறது. ஆனால் சட்டம் செய்பவர் ஒருவர், நடத்தி வைப்பவர் வேறொருவர். இவ்விஷயத்தில் நடத்தி வைப்பவர் மந்திரியுமல்லர், கலெக்டருமல்லர்; தலைமையாசிரியரே.

நடக்க இயலாத சிறுமியின் வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்றச் சர்க்கார் உத்தரவு எதற்கு? அவருடைய ஒரு வார்த்தை போதும். காது மந்தமான பையனை முன் வரிசையில் அமர்த்துவதும் அப்படியே. பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் சொல்வதை எழுதும் உதவியாளர், கூடுதல் நேரம், மொழிப் பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. அவற்றுக்கான மனுவோ பள்ளித் தலைவர் மூலமாகவே செல்ல வேண்டும். கூலிக்குப் போகும் தகப்பனுக்குச் சலுகை இருப்பதே தெரியாது. தலைமையாசிரியர் தேதியைத் தவற விட்டால் பையனுக்கு ஒரு வருஷம் பாழ்.

மலையில் சங்கடம் இரட்டிப்பு. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஓர் இலாகாவைச் சேர்ந்தவை. சிறப்பாசிரியர்களோ கல்வி இலாகாவின் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சுற்றி வருபவர்கள். ஆரம்பப் பள்ளியில் இத்தகைய குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு வற்புறுத்தியது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் சிதறிக் கிடக்கும் மலைச் சிற்றூர்களில் ஒரு பள்ளிக்கு இரண்டொரு குழந்தைகளே இருக்கக் கூடும். சுற்றி வரும் ஆசிரியர் காட்டிச் சென்ற முறையை மறுநாள் வகுப்பாசிரியர் தொடருகிறாரா, விடுதியில் இரவு அக்குழந்தைக்குத் துணை உண்டா என்று கேட்க வேண்டியவர் யார்? அந்த நாற்காலி காலியாக இருந்தால் கேட்பாரில்லை. பொறுப்புத் தலைமையாசிரியர் என்ற ஏற்பாடு நாற்காலியை நிரப்புமேயன்றி இவ்வேலையைச் செய்யாது.

ஆகவே 2019-ல் தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியில், மலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஸ்தானங்களை முதலில் நிரப்ப வேண்டுமென்றும், நியமனம் பெற்றவரைச் சில வருஷமாவது அங்கேயே இருத்த வேண்டுமென்றும் கோருகிறோம். ஊர்த் தொண்டர்களுக்கும் ஒரு வேலையுண்டு. 2012-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி இக்குழந்தைகளின் பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உரிய பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். சேர்க்கைப் பதிவேட்டிலுள்ள குழந்தை வகுப்பிலும் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் மரியாதையுடன் கேளுங்கள்.