பதினாறு வயதில் பள்ளி ஓட்டு: தீர்மானம் கைக்கு வர எட்டு வருடம்



18 வயது நிறைந்தால் ஓட்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த 18 ஆதியிலிருந்தே இருந்ததில்லை. நம்ம நாட்டில் 1989 வரை 21 வயது நிறைந்தவர்களுக்குத்தான் ஓட்டு. அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தம் வந்த பிறகுதான் அது 18 ஆனது. குழுவில் இருக்கும் மூத்த அக்காமார்களுக்கு இது நினைவிருக்கும். அமெரிக்காவில் 1971-ல் இது நடந்தது. "18 வயசுப் பையனை சண்டைக்கு அனுப்புறீங்க, ஓட்டு மட்டும் கிடையாதா?" என்று அங்கே ஜனங்கள் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் வயது இறங்கியது.

இப்போது அதே அமெரிக்காவில் சில ஊர்களில் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு கொடுத்திருக்கிறார்கள். எல்லாத் தேர்தலுக்கும் இல்லை, பள்ளி வாரியத் தேர்தலுக்கு மட்டும்.

பள்ளி வாரியம் என்றால் என்ன?

நாம் பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போட்டுத் தலைவரையும் வார்டு உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே பெரும்பாலான ஊர்களில் அரசுப் பள்ளிகளை நடத்துவதற்கும் இதே மாதிரி தனியாகத் தேர்தல் நடக்கும். ஜெயித்து வருகிறவர்கள்தான் பள்ளிகளின் வரவு செலவை முடிவு செய்வார்கள். நிர்வாகத் தலைமை அதிகாரியை நியமிப்பதும், ஒரு பள்ளி இருக்க வேண்டுமா, மூட வேண்டுமா என்று சொல்வதும் அவர்கள்தான். கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் 2022-ல் சில பள்ளிகளை மூடுவதாக வாரியம் முடிவெடுத்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் போராடினார்கள். 2023 ஜனவரியில், பட்டியலில் மீதமிருந்த பள்ளிகளை மூட வேண்டாம் என்று வாரியமே மாற்றிக்கொண்டது. ஆனால் அதற்குள் சில பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன.

மூடுகிற பள்ளியில் படிப்பது யார்? பிள்ளைகள்தானே. அதனால் அவர்களுக்கும் ஒரு ஓட்டு வேண்டும் என்பது ஒரு பக்கத்து நியாயம். படிக்கும்போதே ஓட்டுப் போட்டுப் பழகினால் பிற்பாடும் அந்தப் பழக்கம் விடாது என்றும் சொல்கிறார்கள். மறுபக்கத்திலும் பேச்சு உண்டு. "அம்மா அப்பா சொல்ற ஆளுக்கும், வாத்தியார் சொல்ற ஆளுக்கும்தானே போடும்?" என்கிறார்கள். "வீட்டுக்காரர் சொல்ற ஆளுக்குத்தானே போடுவாங்க" என்று பெண்களைப் பற்றியும் சொன்னதுண்டு. அந்தப் பேச்சு நமக்குப் புதிதில்லை.

தீர்மானம் வந்தது, ஓட்டு வரவில்லை

ஓக்லாந்துக்குப் பக்கத்து ஊர் பெர்க்லி. அங்கே 2016 நவம்பரில் இதை மக்கள் ஓட்டுக்கே விட்டார்கள். 100-க்கு சுமார் 70 பேர் சரி என்றார்கள். 2020-ல் ஓக்லாந்து மக்களும் சரி என்றார்கள். அடுத்த தேர்தலிலேயே பிள்ளைகள் ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்று நினைப்போம். இல்லை. ஊர் சம்மதித்தாலும் தேர்தலை நடத்துவது மாவட்டத் தேர்தல் அலுவலகம். இந்தப் பிள்ளைகளைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பள்ளி வாரியம் மட்டும் உள்ள தனி ஓட்டுச்சீட்டு வேண்டும், கணினியில் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த வேலை இழுத்துக்கொண்டே போனது. பெர்க்லியில் 2018, 2020, 2022 என மூன்று தேர்தல்கள் வந்து போயின. கடைசியில் 2024 நவம்பரில்தான் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் முதல் ஓட்டைப் போட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2016-ல் 16 வயதாக இருந்த பிள்ளைக்கு 2024-ல் 24 வயது. யாருக்காக ஊர் சம்மதித்ததோ அந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவே இல்லை. பின்னால் வந்த மாணவர்கள் விடாமல் கேட்டதால் தம்பி தங்கைகளுக்குக் கிடைத்தது.

நியூ ஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் வேலை சீக்கிரம் நடந்தது. 2024 ஜனவரியில் நகர மன்றம் முடிவெடுத்தது, 2025 ஏப்ரலில் பிள்ளைகள் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் பதிவு செய்த பிள்ளைகளிலும் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். பெரியவர்களும் அந்தத் தேர்தலுக்கு அதிகம் வரவில்லை. வழி திறந்தால் மட்டும் போதாது, கூட்டிக்கொண்டு போகவும் ஆள் வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதாவது இடம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் நோட்டு வீட்டுக்கு வந்து, கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் அது பெர்க்லியின் எட்டு வருடம் மாதிரிதான். உரிமை காகிதத்தில் இருக்கும், கைக்கு வராது. நாம் பேசாமல் இருக்கும் வருடங்களில் நம் பிள்ளை அந்தப் பள்ளியைப் படித்து முடித்தே வெளியே வந்துவிடும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் இந்த மூன்றையும் பேசுவோம்:

1. நம்ம ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் உறுப்பினர்கள் யார் யார்?

2. கடைசிக் கூட்டத்தில் போட்ட தீர்மானம் என்ன? அதை முடிக்க வேண்டியது யார், எந்தத் தேதிக்குள்?

3. கூட்டத்துக்குப் போகும் முன், "ஸ்கூல்ல என்ன குறை?" என்று நம் பிள்ளைகளிடம் கேட்டோமா?

மூன்றாவதற்கு எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை. இன்றைக்கு ராத்திரி சோறு போடும்போதே கேட்கலாம்.