நூலடுக்குக் கதவு

நிலையும் கீலும் கைப்பிடியும், ‘இங்கே வழியுண்டு’ என்று காண்பார்க்கு அறிவிப்பன. அவ்வழியையே மறைக்க வேண்டுமாயின், கதவு வேறொரு பொருளின் வடிவத்தை மேற்கொள்ளுதல் வேண்டும். அதற்கு ஏற்றது நூலடுக்கு. சுவரையொட்டிச் சுமையோடு நிற்கும் அதனை அசையும் பொருளென எவரும் எண்ணார். அத்தகைய கதவொன்று எண்மரைக் காத்து நின்ற வரலாற்றை இங்குக் காண்போம்.

1940ஆம் ஆண்டு மே மாதத்தில் செருமானியப் படை ஆலந்து நாட்டைக் கைப்பற்றியது. அங்கு வாழ்ந்த யூதர்கள் கொடுமைக்கு உள்ளாயினர். ஆம்ஸ்டர்டாம் நகரில் வணிகம் நடத்திய ஓட்டோ பிராங்க் என்பவர், 1942 சூலை 6ஆம் நாள், மனைவியோடும் மகளிர் இருவரோடும் தம் நிறுவனக் கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்து வாழத் தொடங்கினார். பின்னர் வேறு நால்வரும் வந்து சேர்ந்தனர். நாட்குறிப்பால் உலகப் புகழ் பெற்ற ஆன் பிராங்க், அவருடைய இளைய மகளே.

முன்பகுதியிலிருந்து அவ்விடத்திற்குச் செல்லும் வாயிலில் எளிய கதவொன்றே இருந்தது. மறைத்து வைத்த மிதிவண்டிகளைத் தேடி நகரில் வீடுகள் சோதிக்கப்பட்டு வந்தன. ஆகவே, வாயிலை மறைத்தல் இன்றியமையாததாயிற்று. அலுவலகத்தைச் சேர்ந்த குக்ளர் வழி கூறினார். கிடங்கின் பொறுப்பாளரும் தச்சுவேலை அறிந்தவருமான வோஸ்குயில், 1942 ஆகஸ்டு மாதத்தில் அதனைச் செய்து முடித்தார்.

அடுக்கின் ஒரு பக்கத்தைக் கீல்கள் தாங்கின. அதனால் அது கதவுபோல் திறந்து மூடியது. தட்டுகளில் அலுவலகக் கோப்புகள் நிறைந்திருந்தன. நிலையின் மேற்பகுதி தெரியாவண்ணம் நிலப்படம் ஒன்று தொங்கவிடப்பட்டது. வாயிற்படி அகற்றப்பட்டமையால், உள்ளிருப்போர் குனிந்து குதித்தே வெளிவர வேண்டியிருந்தது. மூன்றே நாளில் அனைவர் நெற்றியும் வீங்கவே, நிலையில் மரச்சுருள் பொதிந்த துணி அடிக்கப்பட்டது!

1944 ஏப்பிரலில் ஓர் இரவு, கட்டடத்தில் திருடர் புகுந்தனர். சோதிக்க வந்தவர்கள் அந்த அடுக்கையும் பிடித்து உலுக்கினர். உள்ளே எண்மரும் மூச்சடக்கி இருந்தனர். உலுக்கியவர் ஐயுறாது திரும்பினர்.

மரமும் ஆணியும் வாயிலை மறைத்தன. மறைவினைக் காத்தது, அதனை அறிந்தோரின் நாவடக்கமே. குக்ளர், வோஸ்குயில், அவர்தம் மகள் பெப், கிளைமன், மீப், அவர் கணவர் யான் ஆகியோர் தமக்கு நேரக்கூடிய இடரை அறிந்தும் ஈராண்டளவும் வாய் திறந்திலர்.

1944 ஆகஸ்டு 4ஆம் நாள் காவலர் உட்புகுந்து எண்மரையும் சிறைப்பிடித்தனர். குக்ளரும் கிளைமனும் அன்றே பிடிபட்டனர். எண்மருள் உயிருடன் மீண்டவர் ஓட்டோ பிராங்க் ஒருவரே. ஆனின் நாட்குறிப்பு 1947இல் நூலாயிற்று. அக்கட்டடம் 1960இல் அருங்காட்சியகமாயிற்று. அங்கே அந்நூலடுக்கு இன்றும் நிற்கின்றது. அன்று யாரும் அறியாவண்ணம் மூடிநின்ற அது, இன்று காண வருவோர் அனைவர்க்கும் திறந்தே இருக்கின்றது.