கடல் கொண்ட நாடும் காற்றை ஏவும் கோலும்

விளையாட்டு என்ற மாத்திரத்தே அதனைச் சிறுவர்க்குரியதென ஒதுக்கிவிடும் வழக்கம் கற்றோரிடையே இன்றும் உண்டு. கூத்தும் ஒரு காலத்தில் அவ்வாறே ஒதுக்கப்பட்டதன்றோ? ஒரு கலையை அது பிறந்த இடங்கொண்டு அளத்தல் முறையன்று. அது நம் உள்ளத்தில் விளைப்பது யாது என்பதுகொண்டே அளத்தல் வேண்டும். அம்முறை பற்றி, யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ தனது ‘கேம்கியூப்’ கருவிக்கென 2002ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளியிட்ட ‘செல்டா’ வரிசை வீடியோ விளையாட்டொன்றை ஈண்டு ஆராய்வாம். ‘காற்றின் கோல்’ என்பது அதன் யப்பானியப் பெயரின் பொருள். ஆங்கிலத்தில் ‘விண்ட் வேக்கர்’ என்பர். நெறிப்படுத்தியவர் எய்ஜி அவோனுமா.

கதை இது: பண்டு ஹைரூல் என்னும் நாட்டைக் கனொன்டோர்ஃப் என்னும் தீயோன் கவர முற்பட்டான். காக்கும் வீரன் எவனும் வந்திலன். எனவே தெய்வங்கள் அந்நாட்டையே கடலுள் ஆழ்த்தின. மலையுச்சிகளில் ஏறி உயிர் பிழைத்தோரின் வழிவந்தோர், அவ்வுச்சிகளே தீவுகளாகிவிட, அவற்றில் வாழ்கின்றனர். அத்தகைய தீவொன்றிற் பாட்டியோடு வாழும் சிறுவன் லிங்க். அவன் தங்கையைப் பெரும் பறவையொன்று கவர்ந்து செல்ல, அவளை மீட்கப் புறப்படுகிறான். பேசும் படகொன்று அவனுக்குத் துணையாகிறது. அப்படகு மூழ்கிய நாட்டின் மன்னனே என்பது பின்னரே புலனாகும்.

முதற்கண் குணங்களை நோக்குவோம். 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மெய்ம்மனிதரை ஒத்த உருவங்களோடு வாட்போர்க் காட்சியொன்றைக் காட்டியிருந்தது. மறு ஆண்டிலோ, கேலிச்சித்திரம் போன்ற பெருங்கண் சிறுவனைக் காட்டியது. அன்பர் பலர் சினந்தனர். ஆயின், உள்ளதை உள்ளவாறே பெயர்த்து வைத்தல் மட்டும் ஓவியமாகாது. வேண்டுவன தெரிந்து, வேண்டாதன விடுத்தலே ஓவியம். அச்சிறுவனின் பெருங்கண்கள் வீண் அலங்காரமல்ல. குறிப்பிடத்தக்க பொருள் அருகிருப்பின் அவை அப்பக்கம் திரும்பும். ஆடுவோர்க்கு வழிகாட்டும் குறிப்புமொழி அது. பகைவர்மேல் வாள் படுந்தோறும் இசையொலி எழுந்து பின்னணி இசையோடு இயையும்.

அதனினும் சிறந்தது ஒன்றுண்டு. லிங்க் நெடுநாட் கழித்துத் தன் தீவுக்கு மீள்கையில், பாட்டியின் குடிலுள் நுழைந்து பார்த்தல் கட்டாயமன்று. நுழைந்தாலோ, இரு பேரர்களையும் பிரிந்த ஏக்கத்தால் அம்மூதாட்டி நோயுற்றுப் பிதற்றிக்கொண்டிருக்கக் காணலாம். கதை நம்மை அங்கு இழுத்துச் செல்வதில்லை; நினைந்து சென்றவர்க்கே அக்காட்சி. நூல் படிப்போன் பக்கத்தைப் புரட்டினால் அடுத்த நிகழ்ச்சி தானே வரும். ஈண்டோ, போகாமல் விட்ட பிழை ஆடுவோனையே சாரும். இவ்வகைப் பொறுப்பை ஊட்டுதல் இக்கலைக்கே உரிய ஆற்றல் எனலாம்.

இனிக் குற்றங்கள். கடல், ஏழுக்கேழாக 49 கட்டங்கள் உடையது. திசை மாறுந்தோறும் பாய்மரப் பயணத்தை நிறுத்தி, கோலை எடுத்து, மூன்று அசைவில் இசையெழுப்பிக் காற்றைத் திருப்பவேண்டும். முதல் நாள் இன்பம்; பத்தாம் நாள் சலிப்பு. பிற்பகுதியில் ‘திரைஃபோர்ஸ்’ என்னும் தெய்வப்பொருளின் எட்டுத் துண்டுகளைத் தேடவேண்டும். ஒவ்வொன்றற்கும் முதலில் வரைபடம் தேடுக; அதனைப் படித்துச் சொல்ல 398 ரூபி கொடுக்க; பின் கடலடியிலிருந்து துண்டை அள்ளுக. எட்டுக்கும் 3184 ரூபி! காவியத்தின் உச்சம் நெருங்குங்கால் கதைத்தலைவனைச் சில்லறை சேர்க்க அனுப்புவது சுவைக்கேடு. காலம் போதாமையால் நிலவறைகள் சில கைவிடப்பட்டமையை அவோனுமாவே பின்னர் ஒப்புக்கொண்டார். அவ்வெற்றிடத்தையே இத்தேடல் நிரப்பிற்றுப் போலும்.

2013இல் வெளிவந்த திருத்தப் பதிப்பில், காற்று எப்போதும் பின்னின்று வீசும் விரைபாய் ஒன்று சேர்க்கப்பட்டது. துண்டுகளுள் ஐந்து, வரைபடமின்றியே நேரே கிட்டின. தேடல் சுருங்கியது நன்று. ஆயின் கடலையே சுருக்கக் கோருவோர்க்கு நாம் உடன்படோம். கரை தோன்றாத அந்நெடுவழியே, காலுக்கடியில் ஒரு நாடு கிடக்கிறது என்னும் துயரை நம்முள் ஊறச் செய்வது. குணமும் குற்றமும் ஒரே கடலிற் பிறந்தன; ஒன்றை முற்றாக அறுப்பின் மற்றதும் அறுபடும்.

முடிவு போற்றத்தக்கது. தீயோன் தெய்வப்பொருளைத் தொட்டுப் பழைய நாட்டை மீட்க விழைகிறான். முந்திக்கொண்டு தொடும் மன்னனோ, தன் நாடு முற்றாக அழிந்தொழிக என்றும், சிறுவர்க்கு எதிர்காலம் உண்டாகுக என்றும் வேண்டுகிறான். கடல் இடிந்து வீழ்கிறது. உடன் வருமாறு சிறுவர் அழைக்கவும் அவன் செல்லாது தன் நாட்டோடே அமிழ்கிறான்.

முன்னோர் பெருமையைப் பிள்ளைகட்கு ஓதுவோராகிய நாம் இம்மன்னனை எண்ணிப் பார்த்தல் தகும். பழமை பிள்ளைகட்குத் துணையாகும் படகாக இருக்கலாம். அவர்களைக் கட்டிவைக்கும் நங்கூரமாதல் ஆகாது. இதனை உணர்த்தும் ஓர் ஆட்டம், சில்லறைத் தேடலாகிய குற்றம் உடைத்தாயினும், சிறந்த படைப்பென்றே கொள்ளப்படும்.