பழசு போல ஒலித்தால் பழசாகிவிடுமா?

போர்ட்ஸ் ஆஃப் கனடா, பெயருக்கு மாறாக, ஸ்காட்லாந்துக் குழு. மைக்கேல் சாண்டிசன், மார்கஸ் இயோன் என்ற அண்ணன் தம்பி இருவர்தான் அதன் உறுப்பினர்கள். ‘நேஷனல் ஃபிலிம் போர்டு ஆஃப் கனடா’ எடுத்த ஆவணப்படங்களும் அவற்றின் தேய்ந்துபோன பின்னணி இசையும் மனதில் ஒட்டிக்கொண்டதால் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். வார்ப், ஸ்காம் நிறுவனங்கள் 1998-இல் சேர்ந்து வெளியிட்ட ‘மியூசிக் ஹேஸ் த ரைட் டு சில்ட்ரன்’ ஆல்பம் அவர்களை எலக்ட்ரானிக் இசையின் முன்வரிசையில் நிறுத்தியது. அதற்கு முன்பு பல ஆண்டுகளாக வீட்டிலேயே பதிவுசெய்து, கேசட்டில் ஏற்றி, நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் மட்டும் கொடுத்துவந்தார்கள். அசலும் போலியும் பின்னிக்கிடப்பது அந்த ஆரம்பகாலப் பதிவுகளில்தான். ஒரு பதிவு யாருடையது என்று காதால் கேட்டே சொல்லிவிடலாம் என்று இசைப் பிரியர்கள் நம்புகிறார்கள். இந்தக் குழுவின் கதையைப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. பதிவு எங்கிருந்து, யார் கைவழியாக வந்தது என்பதே பேச வேண்டிய சாட்சி.

முதலில் ஐயமில்லாத பதிவுகளைப் பார்ப்போம். ‘ட்வோயிசம்’ 1995-இல் அவர்களுடைய சொந்த லேபிளான மியூசிக்70-இல் 100 பிரதிகள் மட்டுமே அச்சான இசைத்தட்டு. அதைக் கேட்டுத்தான் ஆட்டெக்கர் குழுவின் ஷான் பூத் ஸ்காம் நிறுவனத்தின் சார்பில் அவர்களைத் தேடினார். மறு ஆண்டே ‘ஹை ஸ்கோர்ஸ்’ வந்தது. அதே 1996-இல் 50 பிரதிகளுடன் ‘பாக் மாக்ஸிமா’ என்றொரு தொகுப்பும் வேண்டியவர்களுக்குள் சுற்றியது. குழு புகழடைந்தபின் ‘ட்வோயிசம்’ ஏலத்தில் நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் போனது. 2002-இல் வார்ப் அதை மறுவெளியீடு செய்ததும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றானது. இவையெல்லாம் கையில் இருக்கும் சரக்கு. ஆனால் குழுவே தந்த பட்டியலில் ‘கேட்டலாக் 3’ (1987), ‘ஆசிட் மெமரீஸ்’ (1989), ‘ஹூப்பர் பே’ (1994) என்று பொதுவெளிக்கு முழுமையாக வந்தேயிராத சில தலைப்புகளும் இருக்கின்றன. பெயர் உண்டு, ஆண்டு உண்டு, பாட்டு இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் போலிகள் குடியேறின. 1999-இல் கோப்புகளைப் பகிரும் நாப்ஸ்டர் சேவை வந்தபோது, ஒரு எம்பி3 கோப்புக்கு யார் என்ன பெயர் எழுதினாலும் அதுவே அடையாளம் என்றானது. பாபி மெக்ஃபெரின் 1988-இல் பாடிய ‘டோன்ட் வொரி, பி ஹாப்பி’யை இன்றும் பலர் பாப் மார்லியுடையது என்று நம்புகிறார்கள், மார்லி 1981-லேயே இறந்துவிட்டார். உலகமே அறிந்த பாட்டுக்கே இந்தக் கதி என்றால், ஐம்பது பேர் கையில் மட்டும் இருந்த கேசட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அதே பாணியில் இயங்கிய வேறொருவரின் பாட்டு, அறியாமல் எழுதிய பெயரோடு பரவியது. வேண்டுமென்றே செய்த போலிக்கு ‘ஆசிட் மெமரீஸ்’ போன்ற தலைப்பு ஆயத்த முகவரியாக அமைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அசல் யாரிடமும் இல்லாததால், மறுக்கவும் ஆளில்லை.

இங்கே காது ஏன் உதவாது என்பதற்கு இந்தக் குழுவின் கைவேலையே காரணம். நாடாவின் இரைச்சல், சுருதி மெல்லத் தள்ளாடுவது, பழைய கல்விப்படத்தில் கேட்பது போன்ற குழந்தைக் குரல்: இவைதான் அவர்கள் முத்திரை. 1998-இல் செய்த இசையை எழுபதுகளில் செய்தது போல ஒலிக்க வைத்தவர்கள் அவர்கள். ஆகவே இரைச்சலும் தேய்மானமும் வயதுக்குச் சாட்சி ஆகாது. அசலே செயற்கைப் பழமையில் நிற்கும்போது, போலி செய்பவருக்கு வேலை பாதி முடிந்துவிடுகிறது. தள்ளாட்டத்தைச் சேர்க்க ஒரு மென்பொருள் போதும்.

சங்கிலியாகக் கோக்கும் ஆதாரம் அப்படிப்பட்டதல்ல. ‘பாக் மாக்ஸிமா’வை ஏற்கக் காரணம் அது ‘அவர்கள் மாதிரி’ இருப்பது அல்ல; அதிலுள்ள ‘ராய்ஜிபிவ்’ 1998 ஆல்பத்தில் வந்தது, ‘சிக்ஸ்டிநைனர்’ ‘ட்வோயிசம்’ தட்டில் இருக்கிறது. அதிகாரபூர்வ வெளியீடுகளோடு அதற்கு முடிச்சு இருக்கிறது. 2013 ஏப்ரலில், இசைத்தட்டுக் கடைகள் கொண்டாடும் ரெக்கார்ட் ஸ்டோர் டே அன்று, நியூயார்க்கின் அதர் மியூசிக் கடையில் கிடைத்த தட்டு இதற்கு இன்னொரு உதாரணம். சில நொடி இசை, எண்களை வாசிக்கும் ஒரு குரல், அவ்வளவுதான். கேட்டால் யாரோ செய்த குறும்பு என்றுதான் தோன்றும். ஆனால் கடை தெரியும், நாள் தெரியும். அதேபோன்ற எண்கள் பிபிசி ரேடியோ 1 உள்ளிட்ட இடங்களிலும் அடுத்தடுத்து வந்தன. ‘டுமாரோஸ் ஹார்வெஸ்ட்’ ஆல்பத்துக்கான முன்னறிவிப்பு அது என்று தெளிவாயிற்று.

தேர்ந்த காது ஏமாறாது என்பவர்கள் ‘த டஸ்’ விவகாரத்தைக் காட்டுவார்கள். 2007-இல் ரெஃப்லெக்ஸ் நிறுவனம் பிரையன், கேரன் டிரெகாஸ்கின் என்ற பெயர்களில் வெளியிட்ட ‘த டஸ்’ இசையை ரசிகர்கள் ஏஃபெக்ஸ் ட்வின் என்னும் ரிச்சர்ட் டி. ஜேம்ஸுடையது என்றார்கள், 2014-இல் அவரே ஒப்புக்கொண்டார். காது வென்றது உண்மைதான். ஆனால் அந்த யூகத்துக்குப் பலம் தந்தவை எவை? வெளியிட்டது ஜேம்ஸே கூட்டாகத் தொடங்கிய நிறுவனம். இசையில் ரசிகர்கள் அடையாளம் கண்டது யமஹா ஜிஎக்ஸ்-1 என்ற அரிய சிந்தசைசர். காது ஒரு சந்தேகத்தைக் கிளப்பலாம். தீர்ப்பெழுத அதற்கு வெளியிலிருந்து துணை வேண்டும்.

யார் செய்தால் என்ன, நன்றாக இருந்தால் கேட்டுவிட்டுப் போகலாமே என்ற கேள்வி இன்னும் வலுவானது. கேட்பதற்குத் தடையில்லை. சிக்கல் அதை 1989 என்ற ஆண்டில் வைக்கும்போது வருகிறது. போலி செய்பவர் பின்பற்றுவது 1998-இல் முதிர்ந்த பாணியை. அதை ஒன்பது ஆண்டு முன்னால் தள்ளினால், இந்தச் சகோதரர்கள் எடுத்த எடுப்பிலேயே முழுமையாக வந்துவிட்டார்கள் என்றாகும். உண்மையான பழைய நாடாக்கள் வேறு கதை சொல்கின்றன. கசிந்து வெளிவந்த ‘ஓல்ட் ட்யூன்ஸ்’ பதிவுகளில் வெறும் வரைவாகவே நிற்கும் துண்டுகள் ஏராளம். அந்தத் தடுமாற்றமும் தேடலும்தான் ஆரம்பகாலப் பதிவின் மதிப்பு. அச்சு அசலான போலி முதலில் அழிப்பது அதைத்தான்.

பெயரை மட்டும் சொல்லிவிட்டு நாடாவைப் பூட்டிவைத்த கலைஞர்கள்தான் குற்றவாளிகள் என்றும் வாதிடலாம். இளமைக்கால முயற்சியை வெளியிடாமல் இருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் வெளியிட்டால் போலிக்கு இடம் சுருங்கும் என்பதும் மெய். ஏஃபெக்ஸ் ட்வினின் ‘காஸ்டிக் விண்டோ’ 1994-இல் சோதனைத் தட்டோடு நின்றுபோன ஆல்பம். 2014-இல் ரசிகர்கள் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி ஒரு தட்டை வாங்கினார்கள். உரியவர்களின் ஒப்புதலோடு டிஜிட்டல் பிரதி பங்களித்தவர்களுக்குப் போனது. அந்தத் தட்டை ஏலத்தில் 46,300 டாலருக்கு எடுத்தவர் மைன்கிராஃப்ட் விளையாட்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன். அதன்பின் அந்தத் தலைப்பில் போலி விற்க யாராலும் முடியாது. ஒப்பிட அசல் இருக்கிறது. அப்படி ஒன்று கிடைக்காதவரை, பட்டியல் எழுதுபவர் ‘ஆசிட் மெமரீஸ், 1989’ என்று எழுதி, பாட்டு இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட வேண்டும். வந்த வழி தெரியாத கோப்பு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்த இடத்துக்கு உரிமை கோர முடியாது.