எல்டரா, ஓல்டரா? விண்ணப்பம் எழுதும் முன்



கல்வி உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் ஆங்கில விண்ணப்பங்களில் இரண்டு பிழைகளை அடிக்கடி காண்கிறோம். அதற்காக எந்த விண்ணப்பத்தையும் நாங்கள் ஒதுக்குவதில்லை. ஆனால் நாளை கல்லூரிக்கும் வேலைக்கும் இதே பிள்ளைகள் எழுதும்போது, அதைப் படிப்பவர் நம்மை அறிந்தவராக இருக்கமாட்டார்.

முதலாவது எல்டர், ஓல்டர். இரண்டையும் நாம் 'மூத்த' என்றே புரிந்துகொள்கிறோம்; குழப்பம் அங்கேதான். வீட்டுப் பிள்ளைகளில் மூத்தவரைக் குறிப்பது எல்டர். 'மை எல்டர் சிஸ்டர்' என்றால் என் அக்கா. 'என்னைவிட மூத்தவர்' என்று ஒப்பிட்டு, பின்னால் 'தேன்' வந்தால் ஓல்டர்தான் எழுத வேண்டும்: 'ஷீ இஸ் ஓல்டர் தேன் மீ'. வீடு, மரம், கட்டடம் எதுவானாலும் ஓல்டர்தான்.

இரண்டாவது ஃபார்தர், ஃபர்தர். ஃபார்தருக்குள் 'ஃபார்', அதாவது தூரம், இருக்கிறது. இங்கிருந்து கூடலூரைவிட ஊட்டி தூரம். ஆகவே 'ஊட்டி இஸ் ஃபார்தர் தேன் கூடலூர்'. இங்கே ஃபர்தர் என்று எழுதினாலும் தவறில்லை. ஆனால் 'மேற்கொண்டு' என்ற பொருளுக்கு ஃபர்தர் மட்டுமே வரும். மேற்படிப்புக்கு உதவி கேட்பவர் 'ஃபர்தர் ஸ்டடீஸ்' என்றே எழுத வேண்டும்.

சந்தேகம் இருந்தால் விண்ணப்பத்தை அனுப்பும் முன் டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம், இன்ஷா அல்லாஹ்.