மின்னஞ்சல் சேவை மாறும்போது வங்கிக் கணக்குக்கு என்ன நேர்கிறது?

சரோஜினி நகர்க் கிளைக்கு வரும் மூத்த வாடிக்கையாளர்கள் வட்டி விகிதத்துக்கு அடுத்தபடியாக அதிகம் குறைபட்டுக்கொள்வது மின்னஞ்சலைப் பற்றித்தான். நேற்று வரை இடப்பக்கம் இருந்த பொத்தான் இன்று இல்லை, எழுத்து சிறுத்துவிட்டது, பழைய தோற்றத்துக்குத் திரும்பும் வழியையும் எடுத்துவிட்டார்கள் என்பன அக்குறைகள். இதை வங்கி அதிகாரியிடம் சொல்லி என்ன பயன் என்று சிலர் தாமே சிரித்துக்கொள்வதும் உண்டு. ஆனால் கணக்கு அறிக்கையும், வைப்புத்தொகை முதிர்வு அறிவிப்பும், பரிவர்த்தனை எச்சரிக்கையும் அந்தப் பெட்டிக்கே செல்வதால், குறை எங்கள் மேசைக்கு வருவது பொருத்தமே.

இந்த எரிச்சலை முதுமையின் பிடிவாதம் என்று ஒதுக்குவது சரியன்று. 2013ஆம் ஆண்டு யாஹூ நிறுவனம் தன் அஞ்சல் சேவையின் 'கிளாசிக்' வடிவத்தை நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் புதிய தோற்றத்தைக் கொணர்ந்தபோது, பல மடல்களைத் தனித்தனித் தாவல்களில் திறந்துவைக்கும் வசதி மறைந்தது. உலகெங்கும் இளையோரும் முதியோரும் சேர்ந்தே எதிர்ப்புத் தெரிவித்தனர். இந்தியரான சபீர் பாட்டியா, ஜாக் ஸ்மித் என்பவருடன் இணைந்து 1996இல் தொடங்கிய ஹாட்மெயில், மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் வசமாகி, 2013இல் அவுட்லுக் என்ற பெயருக்குள் முழுவதும் அடங்கியது. ஜிமெயிலின் எளிய எச்.டி.எம்.எல். தோற்றம் 2024இல் விடைபெற்றது. மெதுவான இணைப்பும் பழைய கணினியும் வைத்திருந்தோருக்கு அதுவே உகந்ததாக இருந்தது.

வணிகவியல் படித்தவர்களுக்கு ஒப்பந்தச் சட்டத்தில் 'மறுபயன்' என்ற சொல் நினைவிருக்கும். ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவது அது. இலவச மின்னஞ்சலுக்கு நாம் பணம் தருவதில்லை. சேவையை மாற்றவும் குறைக்கவும் நிறுத்தவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற விதிமுறைக்கு, படிக்காமலேயே இசைவு தந்திருக்கிறோம். எனவே சேவையின் மீது நமக்குள்ள பிடி மிகச் சிறிது. வங்கியிலோ, அதே முகவரிதான் நம்மை அடையும் வாயில் என்று பதிவாகியிருக்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மாற்றங்களில் கண்ணுக்குத் தெரிபவை உண்டு, தெரியாதவையும் உண்டு. முதல் வகைக்கு நம் பகுதியிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சரோஜினி நகர் நெடுங்காலமாக மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. அவர்களது அலுவலக மின்னஞ்சலைப் பராமரிக்கும் தேசிய தகவலியல் மையம், அச்சேவையை ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றியிருக்கிறது. ஏறத்தாழ 12 லட்சம் ஊழியர்களின் பெட்டிகள் இவ்வாறு இடம்பெயர்ந்ததாக 2025இல் செய்திகள் வந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசிப் பக்கத்திலும் அலுவலகம் நடத்தும் நிறுவனம் என்பதால் நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமிதம்; புதிய தோற்றம் பழகவில்லை என்ற முணுமுணுப்பும் கூடவே. முகவரியின் பின்னொட்டு மாறவில்லை. அனுப்பிய மடல் வந்து சேர்கிறது. ஆகவே வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை இத்தகைய மாற்றத்தால் கேடில்லை. ஹாட்மெயில் முகவரிகளும் அப்படியே; பெயர்ப்பலகை மாறியபின்னும் அவை இயங்குகின்றன.

கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களே கவலைக்குரியவை. ஜிமெயில் 2013 முதல் வரும் மடல்களை முதன்மை, சமூகம், விளம்பரம், புதுப்பிப்பு எனத் தானே பிரித்து வைக்கிறது. வங்கியின் எச்சரிக்கை மடல் முதன்மைப் பிரிவில் வராமல் வேறொன்றில் அமர்ந்துகொள்வது சாதாரணம். கூகுளின் 15 ஜிபி இலவச இடம் மடல்களுக்கும் கோப்புகளுக்கும் பொதுவானது. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றப்படும் புகைப்படங்களும் அதே கணக்கில் சேர்கின்றன. இடம் நிரம்பிவிட்டால் புதிய மடல் உள்ளே வராது. பேரக்குழந்தையின் படங்கள் பெருகப் பெருக, ஒருநாள் வங்கி அறிக்கை வாசலிலேயே திரும்பிப் போகும்! யாஹூ 2021 ஜனவரி முதல் இலவசப் பயனாளர்களுக்குத் தானியங்கி மறு அனுப்புதலை நிறுத்தியது. பழைய முகவரிக்கு வருவது புதிய முகவரிக்குத் தானே வந்துவிடும் என்றிருந்தவர்கள் அறியாமலே தொடர்பை இழந்திருக்கக்கூடும்.

இவற்றினும் கடுமையானது, பயன்படுத்தாத கணக்கை அழிப்பது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் 2 ஆண்டுகள், யாஹூ 12 மாதங்கள் என்று வரம்பு வைத்திருக்கின்றன. யாஹூ 2013இல் ஒருபடி மேலே சென்று, ஓராண்டுக்கு மேல் திறக்கப்படாத முகவரிகளை வேறு நபர்களுக்கு வழங்கியது. முந்தைய உரிமையாளருக்கு வந்த சொந்த மடல்கள் தங்களுக்கு வருவதாகப் புதியவர்கள் கூறியபின், 'இது என் மடல் அன்று' என்று தெரிவிக்க ஒரு பொத்தான் சேர்க்கப்பட்டது. அம்மடல்களுக்கு நடுவே ஒரு வைப்புத்தொகை ரசீது இருந்திருந்தால் என்னவாகும் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பின் திருச்சிக்குக் குடிபெயர்ந்தார். தம் மின்னஞ்சலின் புதிய தோற்றம் அவருக்குப் பிடிக்கவில்லை. வேறொரு சேவையில் புது முகவரி தொடங்கி, உறவினர்களுக்கெல்லாம் தெரிவித்தார், வங்கிக்குத் தெரிவிக்கவில்லை. தில்லிக் கைபேசி எண்ணையும் விட்டுவிட்டார். மகள் திருமணத்துக்கென வைத்திருந்த வைப்புத்தொகை முதிர்ந்தது. அறிவிப்பு பழைய பெட்டிக்குச் சென்றது. மறு உத்தரவு ஏதும் வராததால் அதே காலத்துக்குத் தானாகவே புதுப்பிக்கப்பட்டது. பணம் தேவைப்பட்டபோது முன்கூட்டியே முடித்து, வட்டியில் கழிவு கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவரது எரிச்சல் நியாயமானது. அதை அவர் வெளிப்படுத்திய விதம்தான் செலவு வைத்தது.

வைப்புத்தொகையில் போனது சிறிது வட்டி. மோசடி நேர்ந்தால் கணக்கு வேறு. அங்கீகரிக்கப்படாத மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியிடமும் தவறில்லை, வாடிக்கையாளரிடமும் தவறில்லை, மூன்றாம் இடத்தில் நேர்ந்த குறை என்றால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பே இல்லை என்கிறது. 4 முதல் 7 நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் பரிவர்த்தனைத் தொகை அல்லது 10,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது வாடிக்கையாளரைச் சாரும். அதற்குப் பின் வங்கியின் கொள்கைப்படி முடிவாகும். கவனிக்க வேண்டியது இதுதான்: நாட்கள் எண்ணப்படுவது, வங்கியின் தகவல் வாடிக்கையாளருக்குக் கிடைத்ததிலிருந்து, கிடைத்த நாள் சேராது. திறக்காத பிரிவில் கிடக்கும் மடலும் வந்து சேர்ந்த மடல்தான் என்ற வாதம் எழ இடமுண்டு. குறுஞ்செய்தி கட்டாயம் அனுப்பப்பட வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஊர் மாறும்போது கைபேசி எண்ணையும் மாற்றுபவர்க்கு அந்தக் காவலும் இல்லை.

மாற்றம் எப்போதும் மறுதரப்பிலிருந்தே வருகிறது என்று வங்கியாளர் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, வங்கிகள் தம் இணையதளங்களை 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. போலித் தளங்களைப் பிரித்தறிய இது பேருதவி. எனினும், அனுப்புநர் முகவரியும் இதையொட்டி மாறும்போது, பழைய முகவரியை நம்பிக்கைக்குரியதாகக் குறித்து வைத்தவரின் பெட்டி, புதியதை அந்நியனாகக் கருதி ஸ்பேமில் தள்ளக்கூடும். வங்கி மடலை ஒருமுறை தேடிப் பிடித்து 'ஸ்பேம் அன்று' எனக் குறித்து, முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் தீரும்.

அரசுப் பணியிலிருப்போருக்குத் தனியாக ஒரு சொல். சேமிப்புக் கணக்குக்கு அலுவலக முகவரியைக் கொடுத்தவர்கள் இங்கு ஏராளம். 2014ஆம் ஆண்டின் அரசு மின்னஞ்சல் கொள்கை, 20 ஆண்டுப் பணி முடித்து ஓய்வுபெறுவோர் தம் பெயரிலுள்ள முகவரியை ஓராண்டு வைத்துக்கொள்ளலாம், பின்னர் ஓய்வூதியருக்கான வேறு பின்னொட்டுடன் முகவரி தரப்படும் என வகுத்தது. பெயர் அதேதான், பின்னொட்டு வேறு. வங்கியின் கணினிக்கு அது வேறொரு மனிதர். எனவே ஓய்வுபெறும் மாதத்திலேயே சொந்த முகவரியைப் பதிவு செய்துகொள்வது நல்லது.

முகவரியை மாற்ற இணைய வங்கிச் சேவையே போதும். இயலாதவர்கள் அடையாளச் சான்றுடன் கிளையில் படிவம் தரலாம். மாற்றியபின் ஒரு சோதனை மடலோ அறிக்கையோ கேட்டுப் பெற்று, எந்தப் பிரிவில் வந்து விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருமான வரித் தளம், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, பரஸ்பர நிதி ஆகியவற்றிலும் பழைய முகவரியே இருக்கும். அவை வங்கிப் பதிவைப் பார்த்துத் தாமே திருந்தா. பழைய பெட்டியை உடனே மூடிவிட வேண்டாம். லாக்கர் வாடகை, காப்பீட்டுத் தவணை போன்ற அறிவிப்புகள் ஆண்டுக்கு ஒருமுறையே வருவன. ஒரு முழு ஆண்டு கழியும்வரை மாதம் ஒருமுறையேனும் அதைத் திறந்து பாருங்கள்.