பல் போனால் சொல் போச்சா?

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. முதியோரைக் காண இல்லங்கள்தோறும் செல்லும்போதெல்லாம் இதன் உண்மையை நாம் கண்டு வருகிறோம். விருந்து நாளிலும் பந்தியில் அமராமல், அடுக்களை ஓரத்தில் குழைந்த சோற்றை விழுங்கும் பாட்டிமார் எத்தனை பேர்! சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மறைக்கும் தாய்மார் எத்தனை பேர்! செயற்கைப் பல் கட்டலாமே என்று நாம் சொன்னால், "இந்த வயதில் எதற்குச் சாமி?" என்று பிள்ளைகளே முந்திக்கொண்டு விடை கூறுகின்றனர்.

பல் விழுந்தால் இழப்பு அதோடு முடிவதில்லை. வேரைத் தாங்கிய தாடை எலும்பு, வேலையற்றுப் போகவே, சிறுகச் சிறுகத் தேய்கிறது. நன்கு பொருந்திய பல்செட்டும் சில ஆண்டுகளில் ஆட்டங் காண்பது இதனாலேயே.

இக்குறைக்கு வழி பிறந்த வரலாறு வியப்புக்குரியது. 1952ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க், இரத்த ஓட்டத்தை ஆராயும் பொருட்டு, முயலின் கால் எலும்பில் டைட்டானியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியைப் பொருத்தினார். பின்னர் அதைக் கழற்ற முயன்றபோது இயலவில்லை. எலும்பு அவ்வுலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது! தடையாகத் தோன்றியதே வழியாயிற்று. 1965இல், பிறவியிலேயே தாடைக் குறையுடைய யோஸ்டா லார்சன் என்பவருக்கு அவர் டைட்டானிய வேர்களைப் பதித்தார். 2006இல் இறக்கும் வரை அவை லார்சனுக்குப் பயன்பட்டன. எனினும், 1982இல் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டிற்குப் பின்னரே இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று.

இன்று 'இம்ப்ளாண்ட்' எனப்படும் முறை இதுவே. மரத்துப்போக ஊசியிட்டு, தாடை எலும்பில் சிறு திருகாணியைப் பதிக்கின்றனர். எலும்பு அதைப் பற்றிக்கொள்ளப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். அதன்பின் மேலே பல் பொருத்தப்படும்.

செலவு மிகுதிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் எல்லாப் பற்களுக்கும் தனித்தனி வேர் வேண்டும் என்பதில்லை. பற்கள் முழுதும் இழந்த கீழ்த் தாடையில் இரண்டே வேர்களைப் பதித்து, அவற்றின்மீது செட்டை ஆடாமல் நிறுத்தலாம். 2002இல் மான்ட்ரியாலில் கூடிய வல்லுநர்கள் பரிந்துரைத்ததும் இதையே.

எச்சரிக்கையும் வேண்டும். புகைபிடிப்போருக்கும், நீரிழிவைக் கட்டுக்குள் வைக்காதோருக்கும் இது தோல்வியுறும் வாய்ப்பு மிகுதி. எலும்புத் தேய்வுக்கு மருந்து உண்போர் அதை மருத்துவரிடம் முன்னரே கூற வேண்டும். உலோக வேரில் சொத்தை விழாது. ஆனால் துலக்காவிடில் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கெடும்.

முதுமை மட்டுமே இதற்குத் தடையன்று. ஆகவே அன்பார்ந்த பிள்ளைகளே, "இந்த வயதில் எதற்கு?" என்று கேளாதீர்கள். வசதியுள்ளோர் வேர் பதிக்கட்டும். இல்லாதோர் தளர்ந்த செட்டையேனும் சீர்செய்து கொடுக்கட்டும். அடுத்த விருந்தில் உங்கள் தாய் பந்தியில் உங்களருகே அமர்ந்து, வாயை மறைக்காமல் சிரிக்கட்டும்.